பரணில் தேடுங்கள்

"மடிக்காதீங்க தம்பி, காய்ஞ்சு கிடக்கு, பட்டுனு ஒடிஞ்சிரும்" என்று, பழைய தூண்டில் நரம்பைப் பிடித்திருந்த என் கையைத் தடுத்தார் அந்தப் பெரியவர்.

மயிலாப்பூரில் ஒரு மொட்டை மாடி. பழைய தூண்டில் சாமான் சேர்ப்பவர்கள் கூடியிருந்தார்கள். இங்கிலாந்தின் ஆனிக் ஊரில் 1872இல் தொடங்கிய ஹார்டி கம்பெனியின், தூண்டில் கயிறு சுற்றும் பித்தளை ரீல் ஒன்றைச் சுற்றித்தான் கூட்டம், ஆளாளுக்குச் சுற்றிப் பார்த்து அந்த டிக்டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது ரீல் இல்லை, அந்தக் காய்ந்த நரம்பு.

நைலான் வருவதற்கு முன்னால் தூண்டில் முள்ளுக்கு மேலே இதைத்தான் கட்டினார்கள். பட்டுப்புழு கூடு கட்டப் போகிற நேரம் பார்த்து, அதை வினிகரில் ஊறப்போட்டு, உள்ளே இருக்கிற பட்டுச் சுரப்பியைப் பிடித்து இழுத்தால் ஒற்றை இழை வரும். ஸ்பெயினில் முர்சியா பக்கம் இது ஒரு தொழிலாகவே நடந்தது. ஒரு இழை ஒரு முழம்கூடத் தேறாது, முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுத்தான் நீளமாக்க வேண்டும். ஊறவைக்காமல் முடிச்சைப் போட்டால் அங்கேயே அறுந்துவிடும்.

ஒரு மீனுக்கு எத்தனை புழு, பாருங்கள்!

சரி, நம்ம ஆட்களின் தூண்டில் எங்கே என்று கேட்டேன். மரப்பட்டைச் சாயத்தில் ஊறிய பருத்திக் கயிறு, கட்டைத் தக்கை, அதெல்லாம்?

"அதை யாருங்க எடுத்து வச்சாங்க? அறுந்தா தூக்கிப் போட்டுருவாங்க" என்றார் பெரியவர்.

துரைமார் சாமான் வெல்வெட் பெட்டியில் வந்தது, அதனால் பிழைத்தது. நம்முடையது தினமும் கடலுக்குப் போனது.

காசிமேடு, திருவொற்றியூர், பட்டினப்பாக்கம் நண்பர்களே, தாத்தாவின் தூண்டில் எதுவும் வீட்டில் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாங்க. அடுத்த கூட்டத்தில் ரீலுக்குப் பக்கத்திலேயே வைப்போம்.