வடக்குப் பார்த்த வாசலுக்கு மயில்கழுத்து நீலம்

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டின் வாசல் வடக்குப் பார்த்தது. பதினைந்து ஆண்டுகளாகக் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்த கதவு தோல் உரியத் தொடங்கியதும், ஆள் வைக்காமல் நானே பெயிண்ட் அடிப்பது என்று முடிவு செய்தேன். அடிக்கும் வேலைக்கு இரண்டு வார இறுதிகள் போதுமானதாக இருந்தன. நிறத்தை முடிவு செய்யத்தான் ஜனவரி முழுவதும் ஆனது.

கடையில் கொடுத்த நிற அட்டையில் ஒவ்வொரு நிறமும் தீப்பெட்டி அளவுதான். அந்த அளவில் எதைப் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது. அதனால் அரக்கு, இலைப்பச்சை, மயில்கழுத்து நீலம் மூன்றிலும் சிறிய டப்பா வாங்கி, முழ நீள ஒட்டுப்பலகைகளில் இரண்டு முறை அடித்து, கயிறு கட்டிக் கதவிலேயே தொங்கவிட்டேன். காலை ஏழு மணி, நடுப்பகல், விளக்கு போட்ட பிறகு என்று தினமும் மூன்று வேளை பார்த்தேன்.

அரக்கு அத்தையின் விருப்பம். விளக்கொளியில் அது ஜொலித்தது. பகலில் கறுத்துப் போனது. குளிர்காலத்தில் வடக்கு வாசலில் நேர் வெயில் விழுவதில்லை. வானத்திலிருந்து வரும் நீலம் கலந்த வெளிச்சம் மட்டுமே விழுகிறது. ஆழ்ந்த சிவப்பை எடுத்துக்காட்ட அது போதவில்லை.

பச்சை எனக்குப் பிடித்திருந்தது. பொங்கலன்று மாவிலைத் தோரணம் கட்டினேன். பச்சைப் பலகைக்கு நேராக வந்த இலைகள் இருக்குமிடம் தெரியவில்லை. அன்றுதான் எனக்கு வழி தெளிவானது. மஞ்சள் பூசிய நிலைப்படி, குங்குமம், மாவிலை, அரிசிமாக் கோலம் ஆகியவை எங்கள் வாசலில் எப்போதும் இருப்பவை. அவற்றோடு சேரும் நிறம்தான் கதவுக்கு வேண்டும். நீலப் பலகையைப் படிக்கு அருகில் வைத்ததும் மஞ்சள் பளிச்சென்று எழுந்தது. "மயில்கழுத்துப் புடவைக்கு மஞ்சள் கரை வைத்தது போல இருக்கிறதம்மா" என்றார் அத்தை. அரக்கை அவரே கைவிட்டார்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் சற்று வடக்கே தள்ளி உதித்து, வடக்கே தள்ளி மறைகிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் சாய்வெயில் எங்கள் கதவைத் தொடும். பலகையை மொட்டைமாடி வெயிலில் வைத்துப் பார்த்தேன். நிறம் வெளிறிவிடவில்லை, மயிலின் பச்சை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை பழைய பெயிண்டைத் தேய்த்தேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கதவின் பூச்சு அதற்கும் முந்தியது. அதன் தூசியில் ஈயம் இருக்கலாம் என்பதால் முகக்கவசம் கட்டிக்கொண்டு, குழந்தைகளை மாடிக்கு அனுப்பிவிட்டு, தூசி பறக்காதபடி வாட்டர் பேப்பரால் ஈரம் வைத்தே தேய்த்தேன். பழைய பூச்சு இருக்கும் வீட்டில் யாரும் இதை அலட்சியம் செய்ய வேண்டாம். காப்பி நிறத்துக்கு அடியில் ஒரு பழைய பச்சை. அதற்கும் அடியில் வேங்கை மரம்.

நன்றாகக் காய்ந்த பிறகு பள்ளங்களை அடைக்க மக்கு வைத்து, அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்தேன். நீலத்துக்கு அடியில் வெள்ளை இருந்தால் கூடுதலாக ஒரு பூச்சு தேவைப்பட்டிருக்கும். கடையில் தனித்தனியாகக் கலந்து கொடுத்த இரண்டு அரை லிட்டர் டப்பாக்களில் நிறம் மயிரிழை வித்தியாசப்பட்டது. முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டேன்.

நிலைப்படிக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. வழவழப்பான எனாமல் பெயிண்டில் மஞ்சள் ஒட்டாது. வெறும் மரத்தில்தான் ஊறி நிற்கும்.

நேற்று இரண்டாவது பூச்சு முடிந்தது. தொட்டால் ஒட்டவில்லை. ஆனாலும் முழுமையாக இறுக ஒரு வாரம் வேண்டும் என்பதால் தாழ்ப்பாளின் பித்தளைக் கொண்டியை இன்னும் மாட்டவில்லை. அதைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறார் அத்தை.