சீட் இல்லாத சைக்கிள்காரனின் புலம்பல்

முழங்கால் பரவாயில்லை, மணிக்கட்டைத்தான் இன்னும் மடக்க முடியவில்லை. டிரையல்ஸ், அதாவது சீட் இல்லாத சைக்கிளில் காலைத் தரையில் ஊன்றாமல் தடைகள் மேல் ஏறிக் குதிக்கும் விளையாட்டு, ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: பின்சக்கரத்தில் நின்று தத்தும்போது பிரேக்கை ஒற்றை விரலால் இறுக்கியே வைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் முன்கை கல்லாகிவிடும். கால் நழுவினால் பெடலில் இருக்கும் ஆணிகள் முழங்காலுக்குக் கீழே வரிவரியாகக் கோடு போட்டுவிடும். என் காலைப் பார்த்துவிட்டு "பூனை வளர்க்கறீங்களா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

சரி, அரசியலுக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமானது. சந்தோஷம். ஆனால் எனக்கு வேண்டிய பிரேக் பேடு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சுங்கவரி தனி.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுப்பதில் இரண்டு கழகங்களுக்கும் சண்டையே இல்லை. ஆட்சி மாறினாலும் திட்டம் நின்றதில்லை, அது பெரிய விஷயம். அந்தப் பிள்ளை சைக்கிளை எங்கே ஓட்டும்? நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று சென்னையில் 2014-லேயே ஒரு கொள்கை வந்தது. சைக்கிளுக்கு ஒதுக்கித் தர வேண்டிய சாலையோரத்திலெல்லாம் புல்லட் நிற்கிறது, இல்லையென்றால் தலைவர் பேனர்.

எங்கள் தெருவில் வடிகால் மூடியை அரை அடி தூக்கலாகப் போட்டிருக்கிறார்கள். தெருவே திட்டுகிறது. ஏறிக் குதித்துப் பழக எனக்கு மட்டும் வசதி!

அப்புறம், ஏறிக் குதித்துப் பழகத் தடைகள் வேண்டும்; யாரிடமாவது வேண்டாத மரப் பாலெட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு), லாரி டயர் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாங்க. நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.