கறுத்தக்கொழும்பான் பூத்த வருடம்

அப்பா 1990இல் யாழ்ப்பாணத்து உரும்பிராய் வீட்டைப் பூட்டிவிட்டு வள்ளம் ஏறியவர். நான் பிறந்து வளர்ந்தது திருச்சிப் பக்கம் ஒரு முகாமில். 2019இல் திரும்பி வந்தபோது அவருக்கு இது ஊர், எனக்குப் புதிய நாடு. பேசுவது தமிழ்தான். ஆனாலும் கடையில் எலுமிச்சை கேட்டால் "தேசிக்காயோ?" என்பார்கள். கொசு நுளம்பானது. வீட்டைச் சுற்றியிருந்த இடம் முழுக்க வளவானது.

வந்த கையோடு அப்பா கறுத்தக்கொழும்பான் ஒட்டுமாங்கன்று ஒன்று நட்டார். அதைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு. குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவளுக்குச் சொந்தக் கிணறு கிடைத்தால் எப்படியிருக்கும்? மழை விட்ட மறுநாளே வாளியைத் தூக்கிவிடுவேன். மாட்டெருவும் யூரியாவும் தாராளமாகப் போட்டேன். மரம் தளதளவென்று வளர்ந்தது. ஐந்தாம் தையிலும் ஒரு பூ இல்லை.

பக்கத்து வளவு அப்பு வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு ஒரு கொப்பை வளைத்து நுனியைக் காட்டினார். செம்பு நிறத்தில் தளிர், தொட்டால் துவளும் மென்மை. "பிள்ளை, தண்ணியும் உரமும் இப்பிடிக் குடுத்தால் அது துளிர்த்துக்கொண்டேதான் நிக்கும். இலை முத்தினால்தான் பூக்கும். மாரி முடியக் காயவிடு."

அடுத்த ஆவணியில் உள்ளே நெருங்கிக் கிடந்த கொப்புகளை வெட்டினோம். அதன்பின் வந்த துளிர் மார்கழிக்குள் முற்றிவிட்டது. யூரியாவை நிறுத்தினேன். மழை ஓய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. செம்பாட்டு மண் காய்ந்து கிடந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சில மாலைகளில் அப்பு மரத்தடியில் சருகு கூட்டிப் புகை போட்டார். நுளம்புக்கு என்றுதான் நினைத்தேன். மாமரம் பூக்க மூட்டம் போடுவது பிலிப்பைன்சிலும் பழைய வழக்கமாம். 1970களில் அங்கே ரமோன் பார்பா என்ற விஞ்ஞானி, பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்தாலே பூக்கும் என்று கண்டுபிடித்தார். ஆனால் எந்த வழியானாலும் இலை முற்றியிருக்க வேண்டும். நம் மரம் புகையால் பூத்ததா, தண்ணீர் விடாமல் காயவிட்டதாலா, தை மாத இரவுக் குளிராலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குளிருக்குத்தான் பெரும் பங்கு என்பது என் எண்ணம்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலை, நுனி மொட்டுகள் பருத்திருந்தன. இரண்டு வாரத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. அதில் பெரும்பாலானவை ஆண் பூக்கள், உதிரத்தான் செய்யும். ஈக்கள் மொய்த்தன. அவைதான் மகரந்தம் சேர்ப்பவை என்பதால் மருந்து பக்கம் போகவில்லை. பிஞ்சு கடலை அளவு வந்த பிறகே தண்ணீர், அதுவும் அடிமரத்தில் இல்லை, கொப்பு நிழல் விழும் வட்டத்தில்.

பதினேழு காய் நின்றது. முதல் பழத்தை அப்பா தோல் சீவாமல் கன்னம் கன்னமாக அறுத்து எனக்கு நீட்டினார்.

இப்போது தேசிக்கும் தண்ணீர் நிறுத்தியிருக்கிறேன். இலை சற்றுச் சுருண்டுவிட்டது, பார்க்கப் பாவமாக இருக்கிறது. இன்னும் நாலு நாள் போகட்டும், அப்புறம் வாளியை எடுக்கிறேன்.