கசின் கணக்கு: சில நாட்குறிப்புகள்

ஜூன் 2

அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு முன்பே அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அவருக்கு ‘ஃபிஃப்த் கசின்’ முறையாம். கசின் தெரியும், அதற்கு முன்னால் எதற்கு ஐந்து? சற்றுத் தள்ளி, ஃபிராங்க்ளினின் மனைவி எலினோர் அவருக்கு ‘ஃபிஃப்த் கசின் ஒன்ஸ் ரிமூவ்டு’ என்று வருகிறது. சரி, இந்தச் சொல்லை அடிமுதல் நுனிவரை கற்றுக்கொண்டு மேலே போகலாம் என்று புத்தகத்தை மூடிவைத்தேன்.

ஜூன் 3

அடிப்படைப் பொருள் எளிது. அப்பாவோடு பிறந்தவர்கள், அம்மாவோடு பிறந்தவர்கள் இவர்களின் பிள்ளைகள் எல்லாரும் கசின். பெரியப்பா மகன், சித்தி மகள், அத்தை மகன், மாமா மகள் எல்லாரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா, யார் வழி என்று எதையும் அது சொல்லாது. பிரெஞ்சில் பெண்ணுக்குத் தனி வடிவம் இருக்கிறது. பிரெஞ்சிலிருந்து சொல்லை வாங்கிக்கொண்ட ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லை.

மொழிபெயர்ப்பவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஆங்கிலக் கதையில் ‘என் கசின் வந்தாள்’ என்று ஒரு வரி வந்தால், அவள் அக்காவா, தங்கையா, மச்சினியா, அண்ணியா என்று கதை முழுக்கத் துப்புத் தேட வேண்டும். துப்பே கிடைக்காமலும் போகலாம்.

ஜூன் 5

இன்று அகராதியில் சொல்லின் வேரைத் தேடினேன். கிடைத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கசின் லத்தீனின் ‘கான்சோப்ரினுஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் அதன் முதல் பொருள் அம்மாவின் சகோதரியின் பிள்ளை, அதாவது நம் பெரியம்மா, சித்தி பிள்ளைகள். அப்பாவின் சகோதரர் பிள்ளைக்கு லத்தீனில் வேறு சொல், அத்தை பிள்ளைக்கு வேறு சொல்.

அப்புறம் அங்கிள், ஆன்ட்டி இரண்டையும் தேடினேன். அங்கிள் என்பதன் மூலமான ‘அவுங்குலுஸ்’ தாய்மாமனை மட்டும் குறித்த சொல். சித்தப்பா பெரியப்பாவுக்கு ‘பத்ருவுஸ்’. ஆன்ட் என்பதன் மூலம் ‘அமித்தா’, அதாவது அத்தை. ஆக, ஆங்கிலம் இன்று எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கும் சொற்கள் பிறந்தபோது நம்முடையவை போலவே துல்லியமாக இருந்தவை. பிரெஞ்சுச் சொற்கள் வருவதற்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலும் தாய்மாமனுக்கு ஒரு சொல், தந்தையின் சகோதரருக்கு இன்னொரு சொல் இருந்தன. ‘ஆங்கிலேயருக்கு உறவில் அக்கறை இல்லை, அதனால்தான் சொல் இல்லை’ என்று சிலர் சொல்வதை இனி நான் ஏற்கமாட்டேன். சொல் இருந்தது, வழக்கொழிந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 8

ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட். இது பொது மூதாதையர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற கணக்கு. இருவருக்கும் தாத்தா பாட்டி பொது என்றால் ஃபர்ஸ்ட் கசின். கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி பொது என்றால் செகண்ட் கசின். இன்னும் ஒரு தலைமுறை மேலே போனால் தேர்ட் கசின். வெறும் கசின் என்றால் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் கசின்தான்.

ஜூன் 9

ஒன்ஸ் ரிமூவ்டு. தமிழர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான்.

நம்மிடம் ‘ஒன்றுவிட்ட அண்ணன்’, ‘ஒன்றுவிட்ட தங்கை’ உண்டு. ஒன்ஸ் ரிமூவ்டு என்றதும் மனம் நேராக அங்கே போய் நிற்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுவிட்ட அண்ணன் நம் தலைமுறைக்காரர், பெரியப்பா மகன் போன்றவர், ஆங்கிலத்தில் வெறும் ஃபர்ஸ்ட் கசின். தமிழின் ‘விட்ட’ பக்கவாட்டில் நகர்கிறது. ஆங்கிலத்தின் ‘ரிமூவ்டு’ மேலும் கீழும் நகர்கிறது. அது தலைமுறை வித்தியாசத்தை மட்டுமே எண்ணுகிறது.

என் அப்பாவின் ஃபர்ஸ்ட் கசின் எனக்கு ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்டு. என் ஃபர்ஸ்ட் கசினின் குழந்தையும் எனக்கு அதே ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்டு. ஒருவர் என்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். இன்னொருவர் நான் தூக்கி வளர்க்கும் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். இருவரையும் ஒரே பெயரில் வைக்கும் சொல்லை ஏற்றுக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இந்தச் சொல் இருவருக்கும் நடுவிலுள்ள தூரத்தைத்தான் சொல்கிறது. தூரம் எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் ஒன்றுதானே.

கசினின் பிள்ளையைச் செகண்ட் கசின் என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடமும் பரவலாக உண்டு. முறையான கணக்கில் அது தவறு. என் பிள்ளையும் என் கசினின் பிள்ளையும்தான் செகண்ட் கசின்கள்.

ஜூன் 10

இனி ரூஸ்வெல்ட். பொது மூதாதையர் 1658இல் பிறந்த நிக்கோலஸ் ரூஸ்வெல்ட். அவர் பிள்ளைகளை முதல் தலைமுறையாக எண்ணினால் ஃபிராங்க்ளின் ஆறாம் தலைமுறை, தியோடரும் ஆறாம் தலைமுறை. இரண்டாம் தலைமுறையான பேரப்பிள்ளைகள்தான் ஃபர்ஸ்ட் கசின், அதனால் எப்போதும் ஒன்று கழிக்க வேண்டும். ஆறில் ஒன்று கழித்தால் ஐந்து, ஆகவே ஃபிஃப்த் கசின். எலினோர் தியோடருடைய தம்பியின் மகள், எனவே ஏழாம் தலைமுறை. இரண்டு எண்களில் சிறியதை எடுத்து ஒன்று கழிக்க வேண்டும்: ஐந்து. ஏழுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் ஒன்று: ஒன்ஸ் ரிமூவ்டு. 1905இல் நடந்த அவர்கள் திருமணத்தில் மணமகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர், அப்போது அதிபராக இருந்த பெரியப்பா தியோடர்தான்.

ஜூன் 14

கணக்கு பிடிபட்டதும் கை சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தையும் அவர் கணவர் ஃபிலிப்பையும் எடுத்துக்கொண்டேன். விக்டோரியா அரசியிலிருந்து எண்ணினால் இருவரும் நான்காம் தலைமுறை: தேர்ட் கசின். டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியனிலிருந்து எண்ணினால் எலிசபெத் நான்காம் தலைமுறை, ஃபிலிப் மூன்றாம் தலைமுறை: செகண்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்டு. ஒரே தம்பதிக்கு இரண்டு முறை, இரண்டும் சரி.

ஜூன் 15

‘கசின் பிரதர்’, ‘கசின் சிஸ்டர்’. இந்திய ஆங்கிலத்தில் சகஜம். பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் வழக்கமில்லை. தேர்விலும் அலுவல் கடிதத்திலும் கசின் என்று மட்டும் எழுதுவது நல்லது. ஆனால் அதைக் கேலி செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆணா பெண்ணா என்பது தெரியாமல் உறவைச் சொல்ல நமக்கு வராது, அதனால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. நேரில் அழைக்க இன்றைய ஆங்கிலத்தில் கசின் அவ்வளவாகப் பயன்படுவதில்லை, பெயர்தான்.

ஜூன் 20

மானுடவியலார் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் உலகின் உறவுமுறைச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். தமிழ் முறையும் வட அமெரிக்கப் பழங்குடிகளான செனிகா மக்களின் முறையும் பெரிதும் ஒத்திருப்பது அவரை வியக்கவைத்தது. பின்னாளில் மானுடவியலுக்காக ஆங்கிலமே புதுச் சொல் செய்துகொண்டது: அத்தை, மாமா பிள்ளைகள் ‘கிராஸ் கசின்’, பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் ‘பேரலல் கசின்’. நம் முறைக்கு மிக நெருங்கி வரும் ஆங்கிலச் சொற்கள் இவைதாம்.

ஜூன் 21

மரபணுவிலும் இந்தக் கணக்கு உண்டு. ஃபர்ஸ்ட் கசின்களுக்குப் பொதுவாக இருப்பது சராசரியாக 12.5 சதவீதம், ஒன்ஸ் ரிமூவ்டு என்றால் அதில் பாதி, செகண்ட் கசின் என்றால் சுமார் 3 சதவீதம்.

இன்னொரு வகை இன்றுதான் தெரிந்தது: டபுள் ஃபர்ஸ்ட் கசின். அண்ணன் தம்பி இருவர் அக்கா தங்கை இருவரை மணந்தால், அவர்கள் பிள்ளைகளுக்கு இரு பக்கத் தாத்தா பாட்டிகளும் பொது. மரபணுப் பங்கு 25 சதவீதம். ஒரு வீட்டு அண்ணன் தங்கை இன்னொரு வீட்டு அண்ணன் தங்கையை மணந்தாலும் பிள்ளைகள் டபுள் ஃபர்ஸ்ட் கசின்தான், அதே 25 சதவீதம். தமிழில் முதல் வகைத் திருமணங்களின் பிள்ளைகள் இரு வழியிலும் அண்ணன் தம்பி அக்கா தங்கை. இரண்டாம் வகைத் திருமணங்களின் பிள்ளைகள் இரு வழியிலும் அத்தை பிள்ளை, மாமா பிள்ளை.