இலை மேல நீலக் கறை

ஜூன் மாசம் பார்சிலோனால இருந்து லோக்கல் ட்ரெய்ன் பிடிச்சு வில்லாஃப்ராங்கா தெல் பெனெதேஸ்ல இறங்கி, அங்கேர்ந்து டாக்ஸில சான் பாவ் தோர்தால்ங்கற சின்ன ஊருக்குப் போனேன். ஒரே ஒரு வைனுக்காக. ஆல்பெத் இ நோயா வைனரியோட லிக்னம் நெக்ரெ. நெக்ரென்னா கருப்பு, ஸ்பெயின்ல மத்த இடத்துல சிவப்பு வைனை 'தின்தோ'ன்னு சொல்லுவாங்க, சாயம் ஏத்தினதுன்னு அர்த்தம் வரும், இந்தப் பக்கத்து கத்தலான்காரங்க மட்டும் கருப்பு வைன்னே சொல்லுவாங்க. லிக்னம்னா லத்தீன்ல மரக்கட்டை, ஓக் பீப்பாய்ல கொஞ்ச மாசம் கிடந்து வர்றதால அந்தப் பேரு பொருத்தமாத்தான் இருக்கு.

ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே டாக்ஸிய விட்டு இறங்கி நடந்தேன். ரோட்டுக்கு ஒரு பக்கம் பீச் மரங்க, இன்னொரு பக்கம் திராட்சை. வரிசைக்கு நடுவுல புல்லு முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கெடக்கு, யாரும் களைக்கொல்லி அடிக்கல. ஆனா ஒரு இலைய திருப்பிப் பாத்தா மேல வெளிர் நீலத்துல திட்டுத் திட்டா கறை. பக்கத்துல கொடி கட்டிக்கிட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்பானிஷ்ல இது என்னங்கன்னு கேட்டேன். விரலால தேய்ச்சுக் காட்டி "கோப்ரெ"ன்னாரு. செம்பு. ஆர்கானிக் தோட்டம்தானேன்னு கேட்டேன், ஆமாம்னு தலைய ஆட்டிட்டு வேலையப் பாக்கப் போயிட்டாரு.

எனக்கு அது ஒரு மாதிரி அதிர்ச்சியாத்தான் இருந்துச்சு. ஆர்கானிக்னா மருந்தே அடிக்க மாட்டாங்கன்னுதான் நெனச்சிருந்தேன். அப்புறம் உக்காந்து படிச்சப்பதான் புரிஞ்சது, திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வந்தா நிறுத்தறதுக்கு ஆர்கானிக் விவசாயி கையில இருக்கற முக்கியமான ஆயுதமே செம்புதான், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அதே பழைய போர்டோ கலவை. சாம்பல் நோய்க்கு கந்தகம். செடிக்குள்ள ஊடுருவுற ரசாயன மருந்து எதையும் தொடக் கூடாது, செம்பு இலை மேல மட்டும் ஒட்டியிருக்கும், மழை பெஞ்சா கழுவிட்டுப் போயிடும், திரும்ப அடிக்கணும். அதுக்கும் அளவு இருக்கு, ஐரோப்பாவுல 7 வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ, சராசரியா வருஷத்துக்கு 4 கிலோ. ஏன்னா செம்பு உலோகம், மக்கிப் போகாது, மண்ணுலயே தங்கி மண்புழுவையும் மத்த உயிர்களையும் பாதிக்கும். அதனால மழை ஜாஸ்தியான வருஷத்துல இவங்க படற பாடு சாதாரணமில்ல.

இத்தனை கஷ்டத்த இந்த வைனரிய நடத்தற குடும்பம் ஏன் ஏத்துக்கிச்சுங்கறதுதான் எனக்கு இந்தக் கதைலயே ரொம்பப் பிடிச்ச இடம். ஃபிலோக்சராங்கற வேர்ப்பூச்சி அந்தப் பக்கத் தோட்டத்தையெல்லாம் அழிச்சதுக்கப்புறம், 1903ல கான் வெந்த்ரெல் பண்ணைல மறுபடி கொடி நடறதுக்கு ஜுவான் ஆல்பெத் இ ரொவிரோசான்னு ஒருத்தர் வந்தாரு. அந்த வம்சத்துல வந்த ஜுசெப் மரியா ஆல்பெத் இ நோயாகிட்ட 1978 வாக்குல ஒரு டென்மார்க் கம்பெனி ஆர்கானிக் வைன் கிடைக்குமான்னு கேட்டுச்சு. ஸ்பெயின்ல அப்ப அந்தப் பேச்சே கிடையாது. மனுஷன் சைவம் வேற, யோசனை மனசுல ஒட்டிக்கிச்சு, தோட்டத்துல ஒரு பகுதில சோதனை பண்ண ஆரம்பிச்சு அப்படியே முழுசா மாறிட்டாரு.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. ஐரோப்பிய சட்டத்துல 'ஆர்கானிக் வைன்'னு லேபிள்ல போட வழி வந்ததே 2012 அறுவடைலேர்ந்துதான். அதுக்கு முன்னாடி ஆர்கானிக் திராட்சைல செஞ்ச வைன்னு மட்டும்தான் சொல்லிக்க முடியும், ஏன்னா தோட்டத்துக்கு விதி இருந்துச்சு, வைனரிக்குள்ள நடக்கறதுக்கு இல்ல. அப்படிப் பாத்தா இவங்க ஆரம்பிச்சு 34 வருஷம் கழிச்சுத்தான் அந்த ரெண்டு வார்த்தையே வந்துச்சு.

பாட்டில் பின்னாடி ஆர்கானிக்குக்கான பச்சை இலை லோகோவுக்குப் பக்கத்துலயே 'சல்ஃபைட் உள்ளது'ன்னு, அதாவது வைன் கெடாம இருக்கச் சேர்க்கற கந்தகப் பொருள் இருக்குன்னு, போட்டிருக்கறதப் பாத்து ஏமாத்து வேலைன்னு நினைக்கறவங்க நிறைய பேரு. அப்படியில்ல. சாறு நொதிக்கறப்ப ஈஸ்ட்டே கொஞ்சம் சல்ஃபைட் உண்டாக்கும், லிட்டருக்கு 10 மில்லிகிராம் தாண்டினாலே எழுதியாகணும். இனிப்பில்லாத சாதாரண சிவப்பு வைனுக்கு உச்ச அளவு 150 மில்லிகிராம், ஆர்கானிக்னா 100. அமெரிக்காவுல விதி இன்னும் கடுமை, 'ஆர்கானிக் வைன்'னு போடணும்னா சல்ஃபைட் சேர்க்கவே கூடாது.

இப்ப இவங்க செய்யற வேலை அடுத்த கட்டம். ஃபிலோக்சராவுக்கு முன்னாடி இருந்து மறந்தே போன ரகங்களத் தேடி எடுத்து திரும்ப நடறாங்க, பெலாத்னு ஒரு சிவப்பு ரகம் அப்படித்தான் பாட்டிலுக்கு வந்துச்சு. அதோட வாலன்டின் பிளாட்னர்ங்கற சுவிஸ் கலப்புரக நிபுணரோட சேந்து, கர்னாச்சா, சரெல்லோ மாதிரி உள்ளூர் ரகங்கள நோய் தாங்கற ரகங்களோட கலந்து புதுச் செடி உருவாக்கற முயற்சிலயும் இருக்காங்க. அது கைகூடினா செம்பே பெருசா தேவைப்படாது. அந்த நீலக் கறையப் பாத்துட்டு வந்த எனக்கு இதுதான் பெரிய விஷயமாப் பட்டுச்சு.

லிக்னம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லணுமே. திறந்த உடனே குடிச்சா கொஞ்சம் முரடுதான், நாக்கோட ரெண்டு ஓரமும் இழுத்துப் பிடிக்கற துவர்ப்பு, டானின்னு சொல்றாங்களே அதேதான். அரை மணி நேரம் கிளாஸ்ல விட்டுட்டேன். அப்புறம் பழுத்த பிளம், ப்ளாக்பெர்ரி வாசனை மேல வந்துச்சு, அடியில லேசா மரம், பீப்பாய் ஆதிக்கம் இல்ல, துவர்ப்பு வாயெல்லாம் பரவி அடங்கிப் போச்சு. சில்லுனு இல்லாம 16 டிகிரி வாக்குல குடிக்கறது நல்லது, அதிகம் சூடானா ஆல்கஹால் மட்டும்தான் மூக்குல ஏறும்.

பெலாத் பாட்டில் ஒண்ணு கையோட வாங்கிட்டு வந்திருக்கேன். இன்னும் திறக்கல.