இன்ஃப்ளூயன்சா புரதங்களின் வேதி மாற்றங்கள்: வைவாவுக்கு எப்படிப் படித்தேன்

முனைவர் படிப்புக்கான தகுதி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எனக்கு வந்த தலைப்பு, இன்ஃப்ளூயன்சா வைரஸ் புரதங்களில் நடக்கும் வேதி மாற்றங்கள் அந்தப் புரதங்களின் வேலையை எப்படி மாற்றுகின்றன என்பது. இதே தலைப்பையோ இதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றையோ எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் புரதத்தில் எந்த அமினோ அமிலத்தில் எந்த மாற்றம் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தால் முதல் ஐந்து நிமிடம்தான் தாங்கும். "எந்த இடம்?" என்று கேட்டு நீங்கள் பதில் சொன்னதும், "அந்த மாற்றத்தால்தான் இந்த விளைவு என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். என் வைவாவில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது கேள்வியின் வெவ்வேறு வடிவங்களாகத்தான் இருந்தது, அதனால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போகட்டும்.

படிக்கத் தொடங்கும்போது எல்லா மாற்றங்களையும் இரண்டு கட்டாகப் பிரித்துக்கொண்டேன். ஒன்று, புரதம் உருவாகும்போதே ஏறி அப்படியே தங்கிவிடுபவை: வைரஸின் மேற்பரப்புப் புரதங்களான ஹீமாக்ளூட்டினின் (செல்லைப் பிடித்து நுழைய உதவுவது), நியூராமினிடேஸ் மேல் ஏறும் சர்க்கரைச் சங்கிலிகள், ஹீமாக்ளூட்டினின் வாலில் ஒட்டும் கொழுப்பு அமிலங்கள். மற்றொன்று, ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவை: பாஸ்பேட், அசெட்டைல் என்ற சிறு வேதித் தொகுதிகள், யூபிக்குவிட்டின், சுமோ என்ற குட்டிப் புரதங்கள். முதல் வகை புரதத்தின் உருவத்தின் ஒரு பகுதி, இரண்டாம் வகை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு வேலையைத் தொடங்கவோ நிறுத்தவோ உதவுவது. இந்தப் பிரிவினை பாடப்புத்தகத்தில் இப்படியே இருக்காது, ஆனால் எந்தக் கேள்வி வந்தாலும் பதிலை எங்கிருந்து தொடங்குவது என்று இது காட்டிவிடும்.

சர்க்கரைச் சங்கிலிகளுக்கு நிறைய நேரம் கொடுங்கள், தலைப்பிலேயே வளமான பகுதி அதுதான். அஸ்பராஜின், அடுத்து புரோலின் தவிர எதுவும், அதற்கடுத்து செரின் அல்லது திரியோனின் என்ற வரிசை இருந்தால் அங்கே சங்கிலி ஏற வாய்ப்பு உண்டு. வரிசை இருந்தாலே சர்க்கரை ஏறிவிட்டது என்று பொருள் இல்லை, இதை ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், மதிப்பெண் உண்டு. இந்தச் சங்கிலி புரதம் சரியாக மடிய உதவுகிறது, எதிர்ப்பொருள்கள் வந்து பிடிக்கும் இடங்களை மறைக்கிறது, செல்லின் ஏற்பியைப் பிடிக்கும் குழிக்குப் பக்கத்தில் இருந்தால் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஆக வைரஸுக்கு இது லாபமும் நட்டமும் சேர்ந்த விஷயம். 1918 வைரஸும் 2009 எச்1என்1 வைரஸும் ஹீமாக்ளூட்டினின் தலைப்பகுதியில் சர்க்கரை குறைவாக உள்ளவை, இடைப்பட்ட காலத்துப் பருவகால எச்1என்1 வைரஸ்கள் அங்கே சங்கிலிகளைச் சேர்த்துக்கொண்டே போனவை. 2009இல் வயதானவர்கள் பலருக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்ததை இந்தக் கோணத்தில் விளக்கிப் பாருங்கள், கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் 1983இல் பென்சில்வேனியாவில் கோழிகளைத் தாக்கிய எச்5என்2. ஏப்ரலில் லேசான நோயாக இருந்தது அக்டோபரில் கொல்லும் நோயாக மாறியது, நோயிலும் கட்டுப்பாட்டு நடவடிக்கையிலுமாக 1.7 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் போயின. ஹீமாக்ளூட்டினின் நொதியால் வெட்டப்பட்டால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியும்; அப்படி வெட்டுப்படும் இடத்தில் காரத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் முன்பே இருந்தன, பக்கத்தில் இருந்த ஒரு சர்க்கரைச் சங்கிலி அந்த இடத்தை மறைத்திருந்தது. ஒரு மாற்றத்தில் அந்தச் சங்கிலி காணாமல் போனதும் உடலெங்கும் இருக்கும் ஃப்யூரின் வகை நொதிகளால் வெட்ட முடிந்தது. நியூராமினிடேஸுக்கும் இதேபோல ஒரு கதை உண்டு: டபிள்யூ.எஸ்.என். என்ற ஆய்வக வைரஸில் 146ஆம் இடத்துச் சர்க்கரை இல்லாததால் அது பிளாஸ்மினோஜனை (ரத்தத்தில் இருக்கும், வெட்டும் நொதியின் முன்வடிவம்) பிடித்துக்கொள்கிறது, அதன் வழியாக ஹீமாக்ளூட்டினின் வெட்டப்படுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொன்னால், ஒரு புரதத்தின் மாற்றம் இன்னொரு புரதத்தின் வேலையைத் தொடும் என்பது தானாகவே வந்துவிடும்.

தடுப்பூசிப் பக்கத்தையும் விடாதீர்கள். 2014 வாக்கில் பரவத் தொடங்கிய ஒரு எச்3என்2 கிளை 160ஆம் இடத்தில் திரியோனினைப் பெற்று, 158இல் புதிய சர்க்கரைச் சங்கிலியோடு வந்தது. ஆனால் தடுப்பூசிக்காக முட்டையில் வளர்த்தபோது வைரஸ் அந்தத் திரியோனினை இழந்தது, சங்கிலியும் போனது. தடுப்பூசியில் இருந்த புரதம் ஒன்று, வெளியே பரவிய புரதம் வேறொன்று. 2016–17 பருவத்தில் அந்தத் தடுப்பூசி எச்3என்2க்கு எதிராக ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு இது முக்கியமான விளக்கங்களில் ஒன்று.

கொழுப்பு அமிலம் சிறிய பகுதி, ஆனால் பிடித்துக் கேட்பார்கள். இன்ஃப்ளூயன்சா ஏ ஹீமாக்ளூட்டினினின் கடைசிப் பகுதியில் மூன்று சிஸ்டீன்கள். சவ்வுக்குள் இருப்பதில் பெரும்பாலும் ஸ்டியரேட், வாலில் இருக்கும் இரண்டில் பால்மிடேட். இந்தச் சிஸ்டீன்களை மாற்றினால் சவ்வு இணைவு (வைரஸ் சவ்வும் செல் சவ்வும் ஒன்றாவது), வைரஸ் கட்டமைப்பு இரண்டிலும் குறை தெரிகிறது, சில வைரஸ்களில் ஒன்றுக்கு மேல் மாற்றினால் உயிருள்ள வைரஸே கிடைப்பதில்லை. வைரஸ் சவ்வில் இருக்கும் எம்2 என்ற சிறு புரதத்தில் 50ஆம் சிஸ்டீனிலும் பால்மிடேட் உண்டு, ஆனால் அதை நீக்கினால் வளர்ப்புச் செல்களில் பெரிய பாதிப்பு இல்லை. ஒரே வேதி மாற்றம் ஒரு புரதத்தில் உயிர்நாடியாகவும் இன்னொன்றில் ஓரமாகவும் இருக்கிறது என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் ஏறி இறங்குபவை. இங்கே எடுத்துக்காட்டுகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் ஆழமாகப் பிடிப்பது நல்லது. நான் வைத்திருந்தவை: வைரஸ் சவ்வுக்கு உள்பக்கம் இருக்கும் எம்1 புரதத்தில் 132ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறினால் அது இம்போர்ட்டின் ஆல்ஃபா என்ற செல்லின் கடத்திப் புரதத்தைப் பிடித்துச் செல்லின் உட்கருவுக்குள் போகிறது. வைரஸ் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டியிருக்கும் நியூக்ளியோ புரதத்தில் 165ஆம் செரின் இருக்கும் இடம் ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு சேரும் பகுதி, அங்கே எதிர்மின்னூட்டம் வந்தால் அந்தச் சேர்க்கை தடைப்படுகிறது. அதே புரதத்தின் 184ஆம் லைசினில் யூபிக்குவிட்டின் ஏறுவது வைரஸ் ஆர்.என்.ஏ. பெருக்கத்துக்கு உதவுகிறது, செல்லின் யூ.எஸ்.பி.11 நொதி அதைக் கழற்றினால் பெருக்கம் குறைகிறது. எல்லாவற்றையும் வைரஸின் வாழ்க்கைச் சுழற்சியில் எந்தக் கட்டம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கரும்பலகையில் சுழற்சியை வரைந்து அதன்மேல் இவற்றை ஏற்றினால் பாதி வைவா முடிந்த மாதிரி.

இனி அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான ஆய்வுகளில் செய்வது அமினோ அமிலத்தையே மாற்றுவது. செரினை அலனின் ஆக்கினால் பாஸ்பேட் ஏற முடியாது, அஸ்பார்டிக் அமிலம் ஆக்கினால் பாஸ்பேட் இருப்பதுபோல நடிக்கும் என்பது கணக்கு. ஆனால் பாஸ்பேட்டுக்கு உடலின் பி.எச்.இல் கிட்டத்தட்ட இரண்டு எதிர்மின்னூட்டம், அஸ்பார்டேட்டுக்கு ஒன்றுதான், உருவமும் வேறு. லைசினை ஆர்ஜினின் ஆக்கினால் ஒரே அடியில் யூபிக்குவிட்டின், சுமோ, அசெட்டைல், ஐ.எஸ்.ஜி.15 (யூபிக்குவிட்டின் போன்ற இன்னொரு குட்டிப் புரதம்) எல்லாமே தடைப்படும், விளைவு எதனால் வந்தது என்று தெரியாது. செல்லின் வைரஸ் எதிர்ப்பை அடக்கும் என்.எஸ்.1 புரதத்தின் 215ஆம் இடத்தையும் பாருங்கள்: மனித வைரஸ்களில் அங்கே பெரும்பாலும் திரியோனின், அதில் பாஸ்பேட் ஏறும், பறவை வைரஸ்கள் பலவற்றில் புரோலின், பாஸ்பேட்டுக்கு வழியே இல்லை, பதிலாக அந்தப் பகுதி செல்லின் கிராக் புரதங்களைப் பிடிக்கிறது. திரியோனினைப் புரோலின் ஆக்கிவிட்டு "பாஸ்பேட் போனதால் இப்படி ஆனது" என்று சொன்னால் அடுத்த நொடியே மடக்குவார்கள்.

இன்ஃப்ளூயன்சாவுக்கே உரிய இன்னொரு சிக்கலைப் பலர் தொடுவதே இல்லை. எம்1இன் கடைசிப் பதினான்கு அமினோ அமிலங்களுக்கான மரபுக்குறிப்பு, வேறு வாசிப்புச் சட்டத்தில் (மூன்று மூன்று எழுத்தாகப் படிப்பதை வேறு எழுத்திலிருந்து தொடங்கினால்) எம்2க்கும் குறிப்பு. எம்1இல் சுமோ ஏறும் 242ஆம் லைசின் சரியாக அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதை மாற்றும்போது எம்2உம் மாறிவிட்டதா என்று பார்க்காமல் எந்த முடிவும் சொல்லக்கூடாது. என்.எஸ்.1இன் வாலும் என்.இ.பி. என்ற இன்னொரு வைரஸ் புரதத்தோடு இப்படித்தான் பகிர்கிறது. கட்டுரைகளைப் படிக்கும்போது செய்முறைப் பகுதியில் இதைக் கவனித்தார்களா என்று தேடிப் பாருங்கள், அந்த ஒரு பழக்கமே உங்களுக்கு நிறையக் கேள்விகளைத் தயாராக்கிக் கொடுக்கும்.

புரதத் துண்டுகளின் எடையை அளக்கும் நிறை நிறமாலை முறையில் சில எண்கள் கையில் இருக்கட்டும். பாஸ்பேட் ஏறினால் 80 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கூடும், சல்ஃபேட்டும் கிட்டத்தட்ட அதேதான். அசெட்டைல் 42, மூன்று மெத்தில் சேர்ந்தாலும் 42. பின்னத்தில்தான் வித்தியாசம், அதனால் கருவியின் துல்லியம் பற்றிக் கேள்வி வரும். டிரிப்சினால் வெட்டியபின் யூபிக்குவிட்டின் லைசின்மேல் இரண்டு கிளைசின்களை மட்டும் விட்டுச் செல்லும், 114 டால்டன், ஐ.எஸ்.ஜி.15உம் அதையே விடும், ஆகவே அந்த எச்சத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எண்டோ எச், பி.என்.ஜி.ஏஸ் எஃப் என்ற இரண்டு நொதிகளும் எந்தச் சர்க்கரையை வெட்டும், ஹைட்ராக்சிலமின் ஏன் பால்மிடேட்டைக் கழற்றும், பாஸ்-டேக் ஜெல் எதற்கு என்பதெல்லாம் ஒரு மாலையில் முடிந்துவிடும் வேலை.

நாமே செய்யும் வேதி மாற்றத்தையும் கேட்கலாம், எனக்குக் கேட்டார்கள். தடுப்பூசிக்காக வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஃபார்மலின் லைசின்களில் ஏறிப் புரதங்களுக்கு இடையே பாலங்கள் போடுகிறது, அதே வேலைக்குப் பயன்படும் பீட்டா புரோபியோலாக்டோன் சிஸ்டீன், மெத்தியோனின், ஹிஸ்டிடின் போன்றவற்றில் ஏறுகிறது. அப்படிச் செயலிழந்த வைரஸ் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் திறனை வைத்துக்கொண்டே சவ்வு இணைவில் பலவீனமாகலாம். ஒரே புரதத்தின் இரண்டு வேலைகள் தனித்தனியாகப் பாதிக்கப்படுகின்றன என்று இதைச் சொல்லுங்கள், அங்கிருந்து பேச்சு இயல்பாக ஹீமாக்ளூட்டினினின் அமைப்புக்குப் போகும்.

நேரம் குறைவாக இருந்தால் வைரஸ் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸின் துணைப்புரதங்களின் அசெட்டைல் இடங்களையும் எம்2 வாலின் பாஸ்பேட் இடங்களையும் பெயரளவுக்குத் தெரிந்துகொண்டு விட்டுவிடலாம். சர்க்கரைச் சங்கிலி, நியூக்ளியோ புரதம், வாசிப்புச் சட்டப் பகிர்வு மூன்றையும் மட்டும் தாள் பார்க்காமல் பலகையில் வரைந்து விளக்கும் அளவுக்குத் தயாராகுங்கள், முடிந்தால் வைராலஜி படிக்காத ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து "எப்படித் தெரியும்?" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்கச் சொல்லுங்கள்.