வைரஸ் அடங்கிவிட்டது, சிடி4 ஏறவில்லை

எச்ஐவிக்கு ஏஆர்டி என்ற கூட்டு மருந்து சிகிச்சை தரும் மையத்தில் கவுன்சிலராக இருக்கும் எனக்கு, மாத்திரையை விட்டுவிட்டவர்களைவிட ஒழுங்காகப் போடுகிறவர்களிடம் பேசுவதுதான் சில நேரம் கஷ்டம். தினம் ஒரு டிஎல்டி மாத்திரை, மூன்று மருந்துகள் சேர்ந்தது. பஸ்ஸில் கலகலவென்று சத்தம் கேட்கக்கூடாது என்று டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து, லேபிளைக் கிழித்து எடுத்துப் போவார்கள். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். சிலருக்கு சிடி4 என்ற நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை மட்டும் 200ஐத் தாண்டாது. சிகிச்சைக்குத் தாமதமாக வந்தவர்களிடம் இது அதிகம். “எல்லாம் சரியாத்தானே சார் பண்றேன்?” என்பார்கள். சரியாகத்தான் செய்கிறார்கள்.

மரபணு சிகிச்சை பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். அந்த வீடியோக்கள் எப்போதும் பெர்லினில் எச்ஐவியிலிருந்து குணமான டிமத்தி ரே பிரவுனில் தொடங்கும். அவருக்கு ரத்தப் புற்றுநோய்க்காக, உயிரைப் பணயம் வைத்து எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடும்.

அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வை. 12 பேர், எல்லோரும் ஏஆர்டியில் வைரஸ் அடங்கியவர்கள். அவர்களுடைய சிடி4 செல்களைப் பிரித்தெடுத்து, வைரஸ் உள்ளே நுழையும் கதவான சிசிஆர்5ஐ ஒரு பகுதி செல்களில் வெட்டி முடக்கி, ஆய்வகத்தில் பெருக்கி, ஆளுக்கு சுமார் 1,000 கோடி செல்களைத் திரும்ப ஏற்றினார்கள். நடு அளவு சிடி4 ஒரே வாரத்தில் 448இலிருந்து 1,517 ஆனது.

இந்த எண்ணைக் கேட்டதும் முகம் மலரும். அங்கேயே நிறுத்த எனக்கு மனசு வராது. ஆறு பேருக்கு 12 வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள், வைரஸ் திரும்பியது. மாற்றிய செல்கள் மற்ற செல்களைவிட மெதுவாகத்தான் குறைந்தன. கணக்கிட முடிந்த நால்வரில் ஒருவருக்கு மட்டும் வைரஸ் மறுபடி தெரியாத அளவுக்கு இறங்கியது. அவருக்குப் பிறவியிலேயே சிசிஆர்5 மரபணுவில் ஒரு பிரதி பழுது.

“அப்போ மாத்திரையை விட்டுடலாமா?” என்று கேட்பவருக்கு இதுதான் பதில். அந்த ஆய்விலும் மாத்திரையால் வைரஸ் அடங்கியவர்களிடமிருந்துதான் செல்களை எடுத்து வளர்த்தார்கள். இரண்டும் போட்டியில்லை, சேர்ந்து வேலை செய்ய வேண்டியவை. இப்போதைக்கு அது ஆய்வில்தான் இருக்கிறது, நம் மருந்தகத்தில் இல்லை. சிடி4 ஏறும்வரை, மற்ற தொற்றுகள் வராமல் தடுக்கத் தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையையும் நிறுத்தக்கூடாது. இருமல் ஒரு நாள் வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வந்து காட்டச் சொல்லி அனுப்புவேன்.